கடைத்தெருவுக்கு வழி காட்டுங்கள்

 

முன்பெல்லாம் நம் வீடுகளில் ‘சபர்’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான். சவூதிக்கோ, துபாய்க்கோ, குவைத்துக்கோ பிழைப்புத் தேடிப் போவது. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புவது. அங்கே எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அந்த மண் நமக்குச் சொந்தமாவதில்லை என்பது போகிறவருக்கும் தெரியும், வழியனுப்புகிறவருக்கும் தெரியும். இன்று நிலைமை மாறிவிட்டது. பட்டம் முடித்த பிள்ளைகள் கனடா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று மேற்படிப்புக்குப் புறப்படுகின்றார்கள். படிப்பு, அதன்பின் வேலை, அதன்பின் அங்கேயே நிலையாக வசிக்கும் உரிமை என்னும் மூன்று படிகளையும் ஒரே பயணமாக எண்ணித்தான் பெற்றோர்கள் பணத்தைத் திரட்டுகின்றார்கள்.

இந்தப் பயணத்தில் நம்மைப் போன்றவர்களின் பங்கு என்ன? துஆ செய்து வழியனுப்புவது மட்டும்தானா? நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் நேர்ந்ததை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

துஆ கேட்டு வந்த தாய்

யானைக்கவுனியில் நான் பாடம் நடத்தும் மதரஸாவுக்குக் காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் ஓத வருவார்கள். 2024-ஆம் ஆண்டு, ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம். அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்த நேரம். என்னிடம் அலிஃப், பே தொடங்கிக் குர்ஆன் முடித்த மாணவன் ஒருவனின் தாயார், கையில் ஒரு கோப்புடன் வாசலில் வந்து நின்றார். அவருடைய கணவர் பெரியமேட்டில் தோல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர். மகன் பி.காம். முடித்திருந்தான்.

“ஹஜ்ரத், பையனுக்குக் கனடாவுல சீட்டு கெடச்சிருக்கு. நீங்க காலேஜ் படிச்சவங்க. இந்த இங்கிலீஷ் பேப்பரையெல்லாம் ஒரு தடவை பார்த்துட்டு, நல்லபடியாப் போய்ச் சேரணும்னு துஆ செய்யுங்க” என்றார்.

கோப்பைப் புரட்டினேன். ஒன்டாரியோ மாகாணத்தில் இரண்டாண்டுப் படிப்பு. கடிதத்தின் தலைப்பில் ஓர் அரசுக் கல்லூரியின் பெயர் இருந்தது. வகுப்பு நடைபெறும் இடமோ வேறோர் ஊரில், வேறொரு தனியார் கல்லூரியின் முகவரியில் இருந்தது. ‘இதென்ன, பெயர் ஒன்றாகவும் இடம் ஒன்றாகவும் இருக்கின்றதே?’ என்று என் மனத்தில் ஒரு கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் அந்தத் தாயின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தேன். விவரம் தெரிந்த ஏஜெண்ட் வாங்கிக் கொடுத்த கடிதம், பி.ஏ. படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்கு இதில் என்ன தெரியப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன். கோப்பை மூடினேன்; கைகளை ஏந்தித் துஆ செய்தேன். கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை அப்போதே வெளிவந்திருந்தது என்பதுதான் வேதனை. கனடா அரசு 2024 ஜனவரி 22-ஆம் நாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்த அதே அறிவிப்பில், அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி வாங்கி நடத்தும் வகுப்புகளில் இனிச் சேருபவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடையாது என்றும் சொல்லியிருந்தார்கள். பின்னர் அது 2024 மே 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் பிள்ளை விமானம் ஏறியது அந்த ஆண்டு செப்டம்பரில்!

கல்விக் கட்டணம் ஒருபுறம். வாழ்க்கைச் செலவுக்காகக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகை, அதுவரை 10,000 கனடா டாலராக இருந்தது, 2024 ஜனவரி முதல் 20,635 டாலராக உயர்ந்திருந்தது. தாயின் நகைகள் போயின. பூர்வீக வீட்டில் தந்தைக்கு இருந்த பங்கு போயிற்று. போதாததற்கு வட்டிக்கும் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதை என்னிடம் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டார்கள், நானும் கேட்கவில்லை.

அங்கே போன முதல் மாதத்திலேயே, உடன் தங்கியிருந்த வேறொரு மாணவன் மூலம் நம் பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிட்டது. வேலை அனுமதி இல்லை என்றால் அந்நாட்டில் வேலை அனுபவம் இல்லை; அனுபவம் இல்லை என்றால் நிரந்தர வசிப்புரிமைக்கான வாசல் ஏறத்தாழ அடைபட்டதுதான். கல்லூரியை மாற்றிக்கொள்ளலாம் என்றால், 2024 நவம்பர் முதல் அதற்கும் புதிதாகக் கல்வி அனுமதி பெற வேண்டும் என்றாகிவிட்டது. புதிய கட்டணத்துக்குத் தந்தை எங்கே போவார்? 2025-ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் ஃபஜ்ர் தொழுகையில், கடைசி ஸஃப்பில் அவன் நின்றிருந்தான். தொழுகை முடிந்ததும் வந்து ஸலாம் சொல்லி என் கையைப் பற்றிக்கொண்டான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் ஏதேனும் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மதீனாவில் நடந்தது

அன்று முழுவதும் ஹிஜ்ரத்தின் வரலாறே என் நினைவில் வந்துகொண்டிருந்தது. கி.பி. 622-இல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு வந்து சேர்ந்த முஹாஜிர்களில் ஒவ்வொருவரையும் மதீனாவின் அன்சாரி ஒருவருக்குச் சகோதரராக ஆக்கினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த வகையில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் செல்வந்தரான ஸஃது இப்னு ரபீஃ (ரலி) அவர்கள். தம் செல்வத்தில் சரிபாதியைத் தருவதாக ஸஃது சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கின்றது என்பதை மட்டும் காட்டித் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். பனூ கைனுகா கடைத்தெருவுக்குப் போய்ப் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலில் நின்றார்கள்.

இந்த நிகழ்ச்சியை எத்தனையோ முறை மிம்பரிலும் வகுப்பிலும் சொல்லியிருக்கின்றேன். ஸஃது அவர்களின் தாராள மனத்தையும் அப்துர் ரஹ்மான் அவர்களின் தன்மானத்தையும் புகழ்ந்ததோடு நிறுத்திக்கொள்வேன். புதிய ஊருக்கு வந்தவருக்குத் தேவைப்பட்டது வழி தெரிந்த ஒருவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எந்தத் தெருவில் வணிகம் நடக்கிறது, அங்கே எது விலைபோகும் என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். பணம் உள்ளவர் பணம் தரலாம். வழி தெரிந்தவர் வழியைக் காட்ட வேண்டும். அது அவரிடம் உள்ள அமானத்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கப்பல் சபர் செய்த காலத்தில் நம்மவர்கள் இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் பள்ளிவாசலும் தங்குமிடமும் எழுந்தன. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதற்கும் முந்தியது. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் சென்று தஞ்சோங் பகாரில் குடியேறிய தொழிலாளர்கள், 1941-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1946-இல் உமறுப் புலவரின் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது 1982 வரை நடந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தச் சீமைக்குப் போய்வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு கப்பல் சபர் முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் கரையில் வந்து காத்திருந்து புதியவரை அழைத்துச் செல்லும் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். இப்போது விமானம் போகின்றது. கரையில் யார் இருக்கின்றார்கள்?

வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் யானைக்கவுனியையே பாருங்கள். ‘கவுனி’ என்றால் வாயில். ஆங்கிலேயர் 18-ஆம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று இங்கே இருந்தது. அந்த வாயிலுக்கு உள்ளே இருக்கும் சவுகார்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றார்கள். அவர்களுடைய ஊரிலிருந்து ஓர் இளைஞன் சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கினால், அன்றிரவு படுக்க இடமும் மறுநாள் உறவினர் கடையில் வேலையும் இருக்கும். தொழில் பழகியபின் தனிக்கடை வைக்கக் கைதூக்கிவிட ஆளும் இருக்கும். இதை அன்றாடம் பார்த்துக்கொண்டே இருந்தும், நாம் பாடம் கற்றுக்கொண்டோமா?

இன்னொரு மாணவன்

கற்றுக்கொண்டவர்களும் நம்மில் இருக்கின்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். இதே மதரஸாவில் ஓதிய இன்னொரு மாணவன் 2019-இல் பொறியியல் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றான். அவனை ரயில் நிலையத்துக்கே வந்து அழைத்துச் சென்றவர், திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதரர் ஒருவர். முன்பின் அறிமுகம் கிடையாது. நண்பருக்கு நண்பர் மூலம் தொலைபேசி எண் கிடைத்தது, அவ்வளவுதான். மூன்று வாரங்கள் தம் அறையிலேயே தங்க வைத்தார்.

சோறு போட்டதைவிட அவர் செய்த பெரிய உதவி வேறு. ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் அந்த முகவரியை நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையொப்பம் தேவை. பதிவு செய்தால்தான் வரி எண் வரும். வசிப்பு அனுமதிக்கும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் கையொப்பம் தர மறுக்கும் அறையை மலிவு என்று எடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலையும் மாணவர்கள் உண்டாம். அந்தச் சகோதரர் கையொப்பம் கிடைக்கும் அறையாகப் பார்த்துக் கொடுத்தார். மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்துக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் உடன் வந்தார்.

பிறகு வேலை. முதலில் கிடைத்தது மது பரிமாறும் உணவகத்தில். மாணவன் என்னிடம் தொலைபேசியில் மஸ்அலா கேட்டான். “மது பரிமாறும் வேலை கூடாது தம்பி” என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் அதோடு என் பதில் முடிந்துவிட்டது. அந்தச் சகோதரரோ, “வேண்டாம், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லி, பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர எப்படி விண்ணப்பிப்பது என்று கற்றுக்கொடுத்தார். அந்த வேலை ஹலாலான சம்பாத்தியமாகவும் இருந்தது, பின்னால் தொழிற்சாலை வேலைக்கு அனுபவமாகவும் உதவியது. ஹராம் என்று தடுப்பது ஆலிமின் கடமை என்றால், ஹலாலான மாற்று வழியைத் தேடிக் கொடுப்பது ஜமாஅத்தின் கடமை அல்லவா?

அவன் இன்று அந்நாட்டில் நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்டான். ஜெர்மனியில் பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தேட 18 மாதம் அவகாசம் உண்டு. படிப்புக்கேற்ற வேலையில் இரண்டாண்டுகள் ஓய்வூதியத்துக்குச் சந்தா செலுத்தி, ஜெர்மன் மொழியும் ஓரளவு தெரிந்திருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் நாளிலிருந்தே மொழி வகுப்புக்குப் போகும்படி அவனை விரட்டியவரும் அதே சகோதரர்தான். இப்போது வருடந்தோறும் புதிதாக வரும் மாணவர்களை ரயில் நிலையத்தில் போய் அழைத்து வருவது என் மாணவன்!

அறிய வேண்டிய சில

வாசகர்களே, இவ்விரு பிள்ளைகளில் ஒருவன் கெட்டிக்காரன், மற்றவன் மந்தமானவன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவனுக்கு வழிகாட்டி இருந்தார், மற்றவனுக்கு இல்லை. இருவரும் ஓதிய மதரஸா ஒன்றுதான். துஆ செய்தவனும் ஒருவன்தான்.

ஊர் திரும்பிய மாணவன் இப்போது அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கின்றான். சென்ற ஆண்டு முதல் அவனும் நானும் சனிக்கிழமை தோறும் இஷாவுக்குப் பின் மதரஸாவில் உட்காருகிறோம். வெளிநாடு செல்ல இருக்கும் பிள்ளைகள் தங்கள் கோப்புகளுடன் வருகின்றார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. நாங்கள் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றை நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, இந்தக் கல்லூரியில், இந்தப் படிப்பை முடித்தால் வேலை அனுமதி உண்டா? கனடா அரசு அங்கீகரித்த கல்லூரிகளின் பட்டியலை அந்நாட்டு அரசே இணையத்தில் வெளியிட்டிருக்கின்றது. 2024 நவம்பர் முதல் பட்டமல்லாத பல படிப்புகளுக்குப் பாடப்பிரிவைப் பொறுத்தே வேலை அனுமதி தருகிறார்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பாமல், அரசின் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, செய்யப்போகும் வேலை கணக்கில் சேருமா? கனடாவில் வேலை அனுபவத்தைக் கொண்டு நிரந்தர வசிப்புரிமை கேட்பவர், தேர்ச்சி தேவைப்படும் பணியில் குறைந்தது ஓராண்டு இருந்திருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை அந்தக் கணக்கில் வராது. கிடங்கில் பெட்டி தூக்குவதும் வீடுவீடாக உணவு கொண்டு கொடுப்பதும் கைச்செலவுக்கு உதவும், வசிப்புரிமைக்கு உதவாது. இது தெரியாமல் படிப்பு முடிந்த பின்னும் அதே வேலையில் தங்கி, அனுமதிக் காலத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, படிக்கும்போது எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்? கனடாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள். இந்த வரம்பை மீறிக் கையில் கூலி வாங்கும் வேலை, பின்னால் வசிப்புரிமை கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். பகுதிநேர வேலையிலேயே கல்விக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

நான்காவது, கோப்பில் பொய் இருக்கிறதா? இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ், வங்கியில் இரவல் பணம், போலிச் சேர்க்கைக் கடிதம் — இவையெல்லாம் சாதாரணம் என்பார்கள். 2023-இல் பஞ்சாபைச் சேர்ந்த ஏராளமான மாணவர்கள், ஏஜெண்ட் கொடுத்த சேர்க்கைக் கடிதம் போலியானது என்பது பல ஆண்டுகள் கழித்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது தெரியவந்து, நாடு கடத்தப்படும் நிலையில் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. உண்மையில் ஏமாற்றப்பட்டவர்களை அந்த அரசு பிரித்துப் பார்த்துக் காப்பாற்ற முன்வந்தது. ஆனால் தெரிந்தே பொய் சொன்னவருக்குக் கனடாவின் வாசல் ஐந்தாண்டுகள் அடைக்கப்படும். உலகச் சட்டம் இது. பொய்யை அடித்தளமாக வைத்துக் கட்டிய வாழ்க்கையில் பரக்கத் எப்படி வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, பணம் எங்கிருந்து வருகிறது? நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத கேள்வி இது. சிறுபான்மை மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க வாங்கும் கடனுக்கு வட்டி மானியம் தந்துவந்த மத்திய அரசின் ‘படோ பர்தேஸ்’ திட்டமும் 2022-23-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக, 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்குப்படி 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். மாதம் 992 யூரோவாக அது மாணவன் கைக்கே திரும்ப வரும். இத்தகைய பணத்துக்கு நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் கர்ளன் ஹஸனா கொடுக்கலாமே! வேலையில் அமர்ந்தவன் தவணையாகத் திருப்பிக் கட்டுவான்; அது அடுத்த பிள்ளைக்குப் போகும். எங்கள் மஹல்லாவில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றோம், இன்னும் கைகூடவில்லை.

இத்தனைக்கும் மேலாக, இறங்கும் ஊரில் வந்து அழைத்துச் செல்ல ஒருவர் இருக்கின்றாரா என்று கேட்கிறோம். இல்லை என்றால், எங்களிடம் உள்ள எண்களில் தேடிப் பார்க்கிறோம். வெளிநாட்டில் துன்பம் நேர்ந்தால் முறையிட, இந்திய வெளியுறவுத் துறை 2015-இல் தொடங்கிய ‘மதத்’ என்னும் இணையதளத்தில் மாணவர்கள் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம் என்பதையும் சொல்லி அனுப்புகிறோம். மதத் என்றால் உதவி என்று உங்களுக்கே தெரியும்.

சில பிள்ளைகளிடம், “இந்தக் கடிதத்தோடு போகாதே, வேறு கல்லூரி பார்” என்று சொல்ல வேண்டி வருகின்றது. அப்போது பெற்றோரின் முகம் வாடும். சிலர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. அன்று அந்தத் தாயின் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்று நான் மௌனமாக இருந்ததை நினைத்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் அந்தத் தாயார் மீண்டும் வந்தார். இளைய மகள் நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள். ஜெர்மனிக்குப் போகலாமா என்று விசாரிக்க வந்திருந்தார். “இந்தத் தடவை முதல்ல கேள்வி கேளுங்க ஹஜ்ரத். துஆவை அப்புறம் செய்யலாம்” என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்பு வாசகர்களே! உங்களில் பலர் கடல் கடந்து வாழ்கின்றீர்கள். பலரின் பிள்ளைகள், தம்பிகள், மருமகன்கள் அங்கே இருக்கின்றார்கள். நீங்கள் இறங்கிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் புதிதாக வரும் ஒரு மாணவனுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். எந்த அலுவலகம், எந்தத் தெரு, எந்த வேலை என்பதை மட்டும் காட்டிக் கொடுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். இங்கே இருப்பவர்கள், கையெழுத்திடும் முன் கோப்பைப் பிரித்துப் படியுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பயணம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு நேரான வழியையும் ஹலாலான ரிஸ்க்கையும், வழி காட்டும் மனத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.